அடைவு வழங்கிகளில் படியாக்கத் தாமதம்

அடைவு வழங்கி என்பது ஒரு வலையமைப்பின் பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், குழுக்கள் முதலிய விபரங்களைச் சேமித்து வழங்கும் கணினி ஆகும். பெரிய நிறுவனங்களில் ஒரே அடைவின் படிகள் பல வழங்கிகளில் வைக்கப்படும். ஒன்றில் செய்யப்படும் மாற்றம் மற்றவற்றைச் சென்றடைய எடுக்கும் நேரமே படியாக்கத் தாமதம் எனப்படுகின்றது. இங்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சர்வருடன் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

தாமதத்தின் அளவு

ஒரே தளத்துக்குள், அதாவது வேகமான உள்ளக வலையமைப்புக்குள், விண்டோஸ் 2000 சர்வரில் 5 நிமிடங்களின் பின்னரே மாற்றம் அடுத்த வழங்கிக்கு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் சர்வர் 2003 இல் இது 15 விநாடிகளாகக் குறைக்கப்பட்டது. தளங்களுக்கிடையே இயல்பிருப்பு இடைவெளி 180 நிமிடங்கள். அமைப்பில் இதனை 15 நிமிடங்கள் வரையே குறைக்கலாம். தொலைதூர இணைப்புகள் மெதுவாக இருந்த காலத்தில் இது நியாயமான தெரிவே. ஆகவே தாமதம் ஒரு வழு அன்று, வடிவமைப்பின் பகுதி.

ஒரே பண்பு இரு வழங்கிகளில் மாற்றப்பட்டால் பதிப்பு எண் உயர்ந்தது நிலைக்கும். எண்கள் சமமானால் மட்டுமே நேரம் ஒப்பிடப்படும்.

கடவுச்சொல்லும் கணக்கு முடக்கமும்

கடவுச்சொல் மாற்றம் பிடிசி எமுலேட்டர் எனும் பொறுப்பை ஏற்றுள்ள வழங்கிக்கு உடனே அனுப்பப்படுகின்றது. வேறொரு வழங்கி தன்னிடம் உள்ளதுடன் பொருந்தாத கடவுச்சொல்லைப் பெற்றால், அதனை மறுக்கும் முன் அவ்வழங்கியிடம் கேட்கும். இதனால் புதிய கடவுச்சொல் விரைவில் ஏற்கப்படுகின்றது. ஆனால் மாற்றம் வந்து சேராத கிளை வழங்கியில் பழைய கடவுச்சொல்லும் ஏற்கப்படும்! பொருந்தும்போது அது எவரிடமும் கேட்பதில்லை.

பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் கணக்கைத் தலைமையகத்தில் முடக்கினாலும் இதே நிலைதான். கணக்குப் பூட்டப்படுதல் அவசரப் படியாக்கத்துக்கு உரியது. நிர்வாகி கணக்கை முடக்குவது அவ்வாறன்று. எனவே அவர் தொலைவிலுள்ள கிளையில் சில மணிநேரம் வரை உள்நுழையக்கூடும்.

கையாளும் முறைகள்

இத்தகைய மாற்றத்தைப் பயனர் இருக்கும் தளத்தின் வழங்கியிலேயே நேரடியாகச் செய்வது எளிய வழி. ரெப்அட்மின் கருவியின் சின்க்ஆல் கட்டளையால் படியாக்கத்தை உடனே தூண்டலாம். தளங்களைக் கடப்பதற்கு அதற்குரிய தெரிவையும் சேர்க்க வேண்டும். இணைப்பு வேகமானதாயின் தளங்களுக்கிடையேயும் மாற்ற அறிவிப்பை இயக்கிவிடலாம்.

நெடுநாள் துண்டிக்கப்பட்டிருந்த வழங்கியை அப்படியே மீள இணைத்தல் ஆகாது. அழிக்கப்பட்ட பொருட்களின் அடையாளங்கள் விண்டோஸ் 2000 சர்வரில் இயல்பாக 60 நாட்களே பேணப்பட்டன. அக்காலம் கடந்து திரும்பும் வழங்கி, எப்போதோ நீக்கப்பட்ட கணக்குகளை மீண்டும் அடைவுக்குள் கொண்டுவரக்கூடும்.