வெள்ளீயத்தில் பிறந்த படிகம்

உலையிலிருந்து எடுக்கும்போது மூசைக்குள் உருகிய வெள்ளீயம் மட்டும்தான் தெரியும். சூடு ஆறுமுன் அதை மையவிலக்கியில் போட்டுச் சுழற்றுவார்கள். குழம்பு வடிந்து ஒதுங்க, கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய தகடுகள் தங்கும். கால்சியம், இரும்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த படிகங்கள் அவை. 2008-இல் அமெரிக்காவின் ஐயோவாவில், ஏம்ஸ் ஆய்வகத்தில் பால் கேன்ஃபீல்டின் குழு இப்படித்தான் அவற்றை வளர்த்தது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஜப்பானில் ஹிதேயோ ஹோசோனோவின் குழு, இரும்பும் ஆர்செனிக்கும் கொண்ட வேறொரு சேர்மம் 26 கெல்வினில் மின்தடையை அடியோடு இழந்து மீக்கடத்தியாவதைக் காட்டியிருந்தது. காந்தம் மீக்கடத்தலுக்குப் பகை என்று நம்பிவந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி.

ஏம்ஸ் படிகத்தைக் குளிரவைத்தால், 170 கெல்வினில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடக்கும். இரும்பு அணுக்களின் சதுரக் கட்டம் லேசாக இழுபட்டுச் செவ்வகமாகும். அவற்றின் காந்தங்களும் அணிவகுக்கும்: ஒரு திசையில் அடுத்தடுத்தவை எதிரும் புதிருமாக, குறுக்கே ஒரே முகமாக.

இனி அழுத்தம். சுமார் 3,500 வளிமண்டலம் போதும். கடலின் மிக ஆழமான இடத்தில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. இந்தத் துறையில் இது சொற்பம். அதற்கே படிகத்தின் உயரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சரிந்துவிடுகிறது! கால்சியத்துக்கு மேலும் கீழும் விலகி நின்ற ஆர்செனிக் அணுக்கள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துப் பிணைந்துகொள்கின்றன. கட்டம் மறுபடி சதுரமாகிறது. இரும்பின் காந்தம் என்ன ஆகிறது? அணிவகுப்பு கலைவது வேறு, காந்தமே இல்லாமல் போவது வேறு. நியூட்ரான்களைப் பாய்ச்சிப் பார்த்தபோது தெரிந்தது இரண்டாவது.

அழுத்தத்தில் இது சுமார் 12 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2008-இலேயே அறிவித்திருந்தார்கள். சிக்கல், அழுத்தத்தைக் கடத்துவதற்காகப் படிகத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தில் இருந்தது. குளிரில் அது உறைந்து இறுகிவிடும். உள்ளே வடிவம் மாறும் படிகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்காது. ஒரு பகுதி சரியும், இன்னொரு பகுதி சரியாமல் நிற்கும். திரவத்துக்குப் பதில் ஹீலியத்தை நிரப்பினார்கள். உறைந்தாலும் மென்மையாகவே இருப்பது அது. மாற்றங்கள் துல்லியமாகத் தெரிந்தன, மீக்கடத்தலைக் காணோம். 2009-இல் இதை வெளியிட்டவர்களில், முன்பு மீக்கடத்தலை அறிவித்த சிலரும் இருந்தார்கள். தங்கள் முடிவைத் தாங்களே மறுபடி சோதித்த அந்த நேர்மை எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

2011-இல் அதே ஆய்வகம் வெள்ளீயத்தை விட்டு, இரும்பு-ஆர்செனிக் குழம்பிலேயே படிகத்தை வளர்த்தது. 960 டிகிரி செல்சியஸிலிருந்து சட்டென்று குளிர்வித்த தகடுகள், வெளி அழுத்தம் ஏதுமின்றி, 100 கெல்வினுக்குக் கீழே தாமாகவே சரிந்தன. படிகத்துக்குள் சிக்கிய நுண்துகள்கள் உள்ளிருந்தே அதை நெருக்கியிருந்தன. அதே தகடுகளை 400 டிகிரியில் ஒரு நாள் வைத்திருந்து குளிர்வித்தார்கள். 170 கெல்வினை ஒட்டி, காந்தம் திரும்பி வந்தது.