வீட்டின் அடியில் ஒரு வரலாறு

வீட்டைப் பற்றிப் பேசும்போது கூரையைப் பற்றிப் பேசுகிறோம். சுவரைப் பற்றிப் பேசுகிறோம். வாசலில் கட்டும் மாவிலைத் தோரணத்தைப் பற்றியும் பேசுகிறோம். தரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்பார் அரியர். ஆயினும், போர்டிக்சன் வட்டாரத் தோட்டப்புறத் தமிழர் வாழ்ந்த வாழ்வை அறிய விரும்புவோர் சற்றே குனிந்து அந்த அடித்தளத்தையும் பார்த்தல் வேண்டும். ஈரத்தோடு நம்மவர் நடத்திய போராட்டத்தில் பணம் கொடுத்தவர் யார், உழைத்தவர் யார், கேள்வி கேட்டவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வருகின்றன.

இதனை நான் உணர்ந்தது ஓர் இழப்பினால்தான். நான் பணியாற்றும் பள்ளி ஒரு மேட்டுச் சரிவில் அமைந்தது. சரிவை வெட்டிக் கட்டியமையால் கீழ்த்தளத்து அறையொன்றின் பின்சுவர் முழுவதும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை அவ்வறையில்தான் வைத்திருந்தோம். அடைமழைக் காலத்தில் அச்சுவர் வியர்க்கும், உப்புப் பூக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று திரட்டிய 2,400 வெள்ளியைக் கொண்டு ஒரு குத்தகையாளரை அமர்த்தினோம். அவர் வந்தார்; சுவரைத் தட்டிப் பார்த்தார்; உட்புறத்தில் நீர்புகாச் சாயத்தை இரண்டு முறை பூசினார்; பணத்தைப் பெற்றுக்கொண்டு சென்றார். நான்கு திங்களில் சாயம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிர்ந்தது. அழைத்தபோது அவர் வரவில்லை. நாங்களோ சுவர் காய்ந்துவிட்டது என்று நம்பிப் பதிவேடுகளை அதன் ஓரத்திலேயே அடுக்கி வைத்திருந்தோம்.

அடுத்த ஆண்டு முதியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். குடியுரிமை விண்ணப்பத்துக்குச் சான்று தேடி வந்தவர் அவர். பிறப்புப் பத்திரம் இல்லை. தாய் தந்தையர் இல்லை. அவர்கள் உழைத்த தோட்டமும் இன்று இல்லை. "நான் இங்கதான் ஐயா படிச்சேன். ஏட்டுல என் பேரு இருக்கும்," என்றார். எடுத்துப் பார்த்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவருடைய பெயர் இருக்கவேண்டிய பக்கத்தில் நீலக் கறை மட்டுமே எஞ்சியிருந்தது. குத்தகையாளர்மீது எனக்குச் சினம் எழுந்தது உண்மையே. ஆனால் அதனினும் பெரிதாக எழுந்தது வெட்கம். அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி "எவ்வளவு?" என்பது. "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று நான் கேட்கவேயில்லை.

கேட்கத் தெரியாமற் போனது ஏன்? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நெகிரி செம்பிலான் மண்ணில் வீட்டை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுவதே தொன்றுதொட்டு வந்த வழக்கம். மலாய் மக்கள் வீட்டின் அடியிலுள்ள வெற்றிடத்தைக் 'கோலோங்' என்பர். மழைநீர் அதன் வழியே ஓடும். காற்று புகுந்து ஈரத்தை உலர்த்தும். இக்கலையின் சிகரமாக ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைச் சொல்லலாம். 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த அம்மர மாளிகை 99 தூண்களின்மீது இரும்பாணியின்றி எழுப்பப்பட்டது. அதனைக் கட்டிய தச்சர்களான காஹார், தாயிப் இருவரின் பெயர்களும் இன்றளவும் நினைவில் நிற்கின்றன. வேலைக்கு உரியவர் இன்னார் என்று நாடறிந்திருந்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

1891இல் போர்டிக்சனையும் சிரம்பானையும் இணைத்துச் சுங்கை ஊஜோங் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் ரப்பர் பரவியபோது லின்சம், சுவா பெத்தோங், தானா மேரா, சிலியாவ் எனத் தோட்டங்கள் தழைத்தன. தமிழகத்து ஊர்களிலிருந்து நம் முன்னோர் வந்து இறங்கினர். அவர்களுக்குக் கிடைத்தவை லயங்கள். தொடக்கத்தில் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாகக் கால்கள்மீது நின்ற லயங்கள் உண்டு. அவற்றின் அடியில் விறகு அடுக்கினர், கோழி வளர்த்தனர், மழை நாளில் பிள்ளைகள் விளையாடினர். பின்னாளில் சிமெண்டுத் தரை போட்டு நிலத்தோடு ஒட்டிய வீடுகள் வந்தன. பார்வைக்கு அவை உறுதியானவை. ஆனால் அடியிற் காற்று போகும் வழி அடைபட்டது. நான் பிறந்து வளர்ந்த வீடும் அத்தகையதே. மழைக்காலத்தில் என் தாயார் கோணிச் சாக்குகளைத் தரையில் விரித்து அவற்றின்மேல் பாயைப் போடுவார். காலையில் சாக்கைத் தூக்கினால் தரையில் அதன் வடிவம் ஈரமாகப் பதிந்திருக்கும்.

வீடு ஈரமானால் தந்தையார் என்ன செய்வார்? கிராணியாரிடம் சொல்வார். கிராணியார் துரையிடம் சொல்வார். துரை மனம் வைத்தால் ஆள் வரும். யார் வருகிறார், என்ன பூசுகிறார், எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்ததாக யாரும் எண்ணவில்லை. வீடு எங்களுடையதன்று, வேலை போனால் வீடும் போகும்.

ஆயினும் நீரை வழிப்படுத்தும் அறிவு நம்மவரிடம் இல்லாமல் இல்லை. இந்நாட்டுத் தோட்ட வரலாற்றிலேயே பெரிய நீர்வேலை ஒன்று நம்மவர் கைகளால் நடந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயற்படுத்தினார். அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் தொழிலாளர் பலர் காய்ச்சலில் விழுந்தனர். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, காட்டைத் திருத்தியபின் நோய் தணிந்தது.

இதன் பிறகு நிகழ்ந்ததே நமக்குப் பெரும்பாடம். தாழ்நிலத்தில் வெற்றி தந்த அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. மலைநிலத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. ஆகவே மரத்தை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் நோய் குறைவதற்கு மாறாக மிகுந்தது. வாட்சன் காரணத்தை ஆராய்ந்தார். ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்கள் வழியே கொண்டு செல்லும் முறையைக் கையாண்டார். தம் பட்டறிவை 1911இல் நூலாகவும் வெளியிட்டார். நிலத்தை அறியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதே அந்நூற்றாண்டுத் தொடக்கம் நமக்கு விட்டுச் சென்ற படிப்பினை. அந்த வடிகால்களை வெட்டியவர்கள் யார்? மண்வெட்டி பிடித்த நம் பாட்டன்மார்களே அன்றோ! நிறுவனங்கள் அதற்குப் பணம் செலவிட்டது அருளினால் மட்டும் அன்று. நோயுற்ற தொழிலாளி பால் வெட்ட இயலாது என்ற கணக்கும் அதில் அடங்கியிருந்தது.

சட்டமும் மெல்ல மெல்ல வந்தது. 1912இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்குத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு இயற்றப்பட்டது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் வந்தது. 1990இல் 446ஆம் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமை முதலாளிக்கு உண்டு என்பதை அச்சட்டம் தெளிவாக உரைக்கின்றது. 2019இல் அது மேலும் திருத்தப்பட்டது.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் வெறுமையாயின. நம் மக்கள் லுக்குட்டிலும் போர்டிக்சன் நகர்ப்புறத்திலும் வீடு வாங்கிக் குடியேறினர். தலைமுறைகளுக்குப் பின் தமிழன் தன் பெயரில் பத்திரம் பெற்றான். பெருமைக்குரிய செய்தி இது. ஆனால் வீட்டுரிமை வந்த வேகத்தில் உரிமையாளனுக்குரிய பழக்கம் வரவில்லை. குத்தகையாளர் முன் நாம் இன்னமும் கிராணியார் முன் நின்றதுபோலவே நிற்கிறோம். அவர் சொல்வதைக் கேட்கிறோம். கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். கற்றறிந்த தலைமையாசிரியனாகிய நானே அவ்வாறு நின்றேன் என்றால் பிறரைச் சொல்வானேன்?

எங்கள் பள்ளிச் சுவரின் நோயைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்லர். ஒரு மாணவியின் பாட்டனார். இளமையில் தோட்டத்தில் வடிகால் வெட்டியவர். கட்டடத்தின் பின்புறம் சென்று மழையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். "வாத்தியாரையா, கூரைத் தண்ணி முழுக்க இந்த மேட்டுல விழுது. மண்ணு குடிச்சிட்டு செவுத்தத் தள்ளுது. நீங்க உள்ள பூசினா அது நிக்குமா? தண்ணிக்குப் போற வழியக் காட்டுங்க," என்றார். வாட்சன் நூலெழுதிச் சொன்னதை அவர் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

பின்னர் நாங்கள் முறையாகச் செயற்பட்டோம். மூன்று குத்தகையாளர்களை அழைத்து, மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: நீர் எங்கிருந்து வருகிறது? இருவர் சாயத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் ஏணி கேட்டுக் கூரைத் தாழ்வாரத்தைப் பார்த்தார். சுவரில் அலுமினியத் தாளை நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விடச் சொன்னார். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரமே படிகிறது. எளிய சோதனைதான், ஆனால் காரணத்தைத் தேடுகிறவருக்கே அது தோன்றும். அவரையே அமர்த்தினோம். கூரைநீர் குழாய்வழி அப்பால் செலுத்தப்பட்டது. சுவரின் வெளிப்புறத்து மண்ணை அகழ்ந்து நீர்புகாப் பூச்சு இடப்பட்டது. அடிவாரத்தில் சரளைக் கல்லும் துளைக்குழாயும் கொண்ட வடிகால் அமைந்தது.

இவ்வனுபவத்தால் நான் கற்றவற்றை வாசகர்க்குச் சொல்லுதல் என் கடமை. வேலையின் காரணம், அளவு, பொருள், நாள், தொகை யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் குத்தகையாளர் பதிவு பெற்றவரா என்று பார்த்தல் வேண்டும். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, இறுதிப் பகுதியை ஒரு பெருமழை கண்ட பின்னரே தருதல் நன்று. இதனையும் ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். கால் உயர்த்திய பழைய பலகை வீட்டில் இன்னும் வாழ்வோர், அடிவெளியைச் சிமெண்டால் அடைத்து அறையாக்கும் ஆசையைச் சற்று ஆராய்ந்து பார்ப்பாராக. ஏமாற்றப்பட்டவர் சும்மா இருத்தல் வேண்டா. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்வழி அமைந்த நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான முறையீடுகளை விசாரிக்கிறது. அதற்குக் கட்டணம் 5 வெள்ளியே. ஒப்பந்தத் தாள் ஒன்று கையில் இருந்திருந்தால் நானும் அங்கே சென்றிருப்பேன். என்னிடம் இருந்தது ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே.

இன்று அவ்வறை காய்ந்திருக்கிறது. எஞ்சிய பதிவேடுகளை மேல்மாடிக்கு மாற்றி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறோம். அம்முதியவருக்கு நானும் அவருடன் படித்த இருவரும் உறுதிமொழிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தோம். அவருடைய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் நான் கட்டடத்தின் பின்புறம் சென்று வடிகாலில் நீர் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். ஓடத்தான் செய்கிறது. அவ்வழியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு மனிதனின் பெயர் அழியாமல் இருந்திருக்கும்.