சுண்ணாம்பில் எழுந்த மாளிகைகள்

ருஷ்யக் கதைகளைப் படிப்பவர்களுக்கு 'டாச்சா' என்ற சொல் பழக்கமானதுதான். கோடை வந்ததும் பீட்டர்ஸ்பர்க்வாசிகள் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டுப் போய்த் தங்கும் மர வீடு அது. 'கொடுத்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் என்கிறார்கள். மகா பீட்டர் தம் பிரபுக்களுக்குத் தலைநகருக்கு வெளியே மனைகள் கொடுத்தார். கொடுத்த மனையின் பெயரே நாளடைவில் வீட்டுக்கும் ஆகிவிட்டது. அருகில் காடு இருந்தது, கையில் கோடரி இருந்தது. வீடு மரத்தில் எழுந்தது.

நம் சென்னைப் பட்டணத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டான். அந்தப் பயம் தீர்ந்து, பிறகு ஹைதர் அலியின் பயமும் தீர்ந்தபின், கும்பெனி உத்தியோகஸ்தர்கள் கோட்டைச் சுவருக்கு வெளியே பெருவாரியாகக் குடியேறினார்கள். கும்பெனியும் தாராளமாக மனை வழங்கியது. அவற்றில் எழுந்தவைதாம் தோட்ட வீடுகள். வரிசை வரிசையாகத் தூண்கள், ஆழமான தாழ்வாரம், வெயில் எட்டாத உயரத்தில் கூரை, வாசலில் வெட்டிவேர்த் தட்டி. வடக்கே எண்ணூரிலும் துரைமார்களுக்கு உல்லாச வீடுகள் இருந்தன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழி. பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாயில் படகேறினால் அங்கே போய்ச் சேரலாம். அதுதான் பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்தது.

இங்கே வீட்டுக்கு உயிர் கொடுத்தது சுண்ணாம்பு. கழியில் அள்ளிய சிப்பியைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்தார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். சலவைக்கல்லோடு ஒப்பிட்டு வியந்து எழுதிய வெள்ளைக்காரப் பிரயாணிகள் பலர்.

கூரையும் லேசுப்பட்டதல்ல. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லி. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். இதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். ராயபுரத்தில் நான் குடியிருந்த பழைய வீட்டில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து, செங்கல் வரிசை மீன்முள் மாதிரி தெரியும். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பாருங்கள். அந்தத் தூண்களும் தோட்ட வீடுகளின் உறவு முறைதான்.

தோட்ட வீடுகளில் வாழ்ந்த துரைமார்களின் பெயர்கள் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கின்றன. இடுப்பளவு நீரில் நின்று சிப்பி அள்ளியவனின் பெயரை எந்தத் தெருவிலும் நான் பார்த்ததில்லை. அவனுடைய கழியில் இப்போது அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. வீடுகள் போனதைப் பற்றி வருந்த ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வெண்மையைத் தந்த நீரைப் பற்றியும் யாராவது வருந்தத்தானே வேண்டும்?