நுனிநாவின் சரித்திரம்: திருகோணமலைத் துறைமுகமும் ஈழத்து றகரமும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராகக் கைக்கொண்டு ஆண்ட வரலாறு கோட்டை மதில்களிலும் அரசாங்கப் பத்திரங்களிலும் எழுதப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். அவ்வரலாற்றின் ஒரு கூறு அந்நாட்டு மக்களின் நாவின் நுனியிலும் பதிந்துள்ளது என்பதையும், அப்பதிவைப் படித்தறிதற்கு வேண்டிய இலக்கணத்தைத் தொல்காப்பியர் முன்னரே வகுத்து வைத்திருக்கிறார் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், உந்தியிலிருந்து எழுகின்ற காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிற்பாட்டால் வேறுவேறு எழுத்தாகத் தோன்றுகிறது என்று கூறித் தொடங்குகிறது. நுரையீரலை விடுத்து உந்தியைச் சொன்னது இக்காலத்து உடற்கூற்று நூலார்க்கு வியப்பைத் தரலாம். பேசுவோன் வயிற்றின் எழுச்சியைக் கண்ணாற் கண்டு எழுதியவர்க்கு அது இயல்பேயாகும். அதன்பின் அவர் நாவை முதல், இடை, நுனி எனவும், அண்ணத்தை அவ்வாறே மூன்றெனவும் பகுத்து, ககரம், சகரம், டகரம் ஆகியவற்றை முறையே அவற்றுள் அமைக்கிறார். இவ்வளவும் எளிது. அவருடைய நுண்மாண் நுழைபுலம் வெளிப்படுவது நுனிநாவின் செயலை விவரிக்குமிடத்திலேயாகும். ஏனெனில் தமிழில் நுனிநா ஒன்றே மூன்று வல்லெழுத்துக்களைப் பிறப்பிக்கிறது. மேற்பல்லின் அடியில் நுனி பரந்து ஒற்றத் தகரமும், பல்லடிக்கு மேலே மேடாயிருக்கும் இடத்தில் நுனி உயர்ந்து ஒற்ற றகரமும், நுனி அண்ணத்தைச் சென்று சார டகரமும் பிறக்கின்றன.

இங்கே இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. முதலாவது, றகரத்தை அவர் ரகரத்தோடு சேர்க்காமல் னகரத்தோடு சேர்த்தமை. றகரத்துக்கு ஒற்றுதலையும், ரகர ழகரங்களுக்கு வருடுதலையும் விதித்தமையால், அவர் காலத்து றகரம் காற்றை முழுதும் அடைத்து விடுக்கின்ற வல்லொலியே அன்றி, இன்று பள்ளிக்கூடங்களில் வல்லின ரகரம் என்று வழங்கும் துடிப்பொலி அன்று என்பது பெறப்படும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இப்பாகுபாட்டையே பின்பற்றினார். இரண்டாவது, வடமொழிப் பிராதிசாக்கியங்களோடும் சிக்ஷா நூல்களோடும் பிறப்பியலை ஒப்பிட்டு, ஸ்தானம், பிரயத்தனம் என்னும் அவற்றின் கோட்பாடுகளைத் தொல்காப்பியர் தழுவினார் என்று வாதிப்போர்க்கு றகரம் ஒரு பெருந்தடையாக நிற்பது. சமஸ்கிருதத்தின் ஐந்து வர்க்கங்களுள் றகர வல்லொலிக்கு இடமில்லை. இல்லாத எழுத்துக்கு இலக்கணத்தைக் கடன் வாங்குதல் எங்ஙனம்? பாகுபடுத்தும் முறையில் வடநூற் பழக்கம் அவருக்கு இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாலும், றகரத்தைப் பற்றிய விதியைத் தம் நாவைத் தாமே சோதித்து எழுதினார் என்றே கொள்ளவேண்டும்.

பல்லடிக்கும் உள்ளண்ணத்துக்கும் இடைப்பட்ட இந்த ஒலி மூலத் திராவிடத்துக்கே உரியது என்பது ஒப்பியல் அறிஞர் முடிபு. அது ஏன் நிலைபெறவில்லை? இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லொலியில் அடைப்பு மிகக் குறுகிய கால அளவினது. நுனிநா தான் தொடவேண்டிய இடத்தை நன்றாக ஒற்றுமுன் காற்று அதனைத் தள்ளிவிட, ஒற்றல் துடிப்பாக மாறுகிறது. ஆறு, மாறு முதலிய சொற்களில் நிகழ்ந்தது இதுவே. இரட்டித்து வருமிடத்து அடைப்பு நீடிப்பதால் அத்தகைய நழுவலுக்கு இடமில்லை. ஆயினும் அங்கும் தமிழகத்துப் பெரும்பான்மைப் பேச்சு வழக்கில் நா முன்னோக்கிச் சென்று, காற்று என்பது காத்து என்றும் நேற்று என்பது நேத்து என்றும் ஆயின. படிக்கும்போது மட்டும் ற்ற என்பதைத் தகர டகரங்களின் இடையில் ஒரு ரகரம் தொனிக்க உச்சரிக்கும் வழக்கம் அங்குண்டு. மலையாளமும் ஈழத்தமிழும் இவ்விரட்டையைப் பழைய இடத்திலேயே காத்து வைத்தன. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் காற்று என்று சொல்லும் ஒருவரின் நா பல்லையும் தொடாது, உள்ளே மடியவும் செய்யாது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்து 1624ஆம் ஆண்டளவில் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேய மொழியின் தகரம் பல்லடியிற் பிறப்பது. ஆதலின் அம்மொழியிலிருந்து வந்த சப்பாத்து, தோம்பு, கதிரை முதலிய சொற்களை ஈழத்தமிழர் யாதொரு தயக்கமுமின்றித் தகரத்தால் ஏற்றனர். ஒல்லாந்தர் கொடுத்த கந்தோர் என்னும் சொல்லும் தகரம் பெற்றது. அவர் ஆட்சியிலும் சாதாரண மக்களிடையே பொதுமொழியாக நிலவியது போர்த்துக்கேயக் கலப்பு மொழியே என்பதை நினைக்குங்கால், அச்சொல் பறங்கி நாவின் வழியாகவே தமிழ் நாவை அடைந்தது என்பது என் அபிப்பிராயம். துட்டு என்பது இவ்விதிக்கு அடங்காமல் நிற்பதையும் மறைத்தல் தகாது. அக்கலப்பு மொழியைப் பேசும் பறங்கிக் குடும்பங்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இக்காலம் வரை வாழ்ந்து வருகின்றன.

ஆங்கிலத்தின் நிலை வேறு. ஆங்கிலேயன் நா பல்லடியை விட்டு அதற்கு மேலுள்ள மேட்டையே ஒற்றுகிறது. அதாவது தொல்காப்பியர் றகரத்துக்குச் சொன்ன இடத்தை. தமிழகத்தார்க்கு அவ்விடம் பேச்சில் வெறுமையாய்ப் போயிருந்தமையின், அவர்கள் அவ்வொலியை உள்ளே இழுத்து டகரமாக்கி டிக்கெட், மார்க்கெட், பாக்கெட் என்று எழுதினர். ஈழத்தார்க்கோ அவ்விடம் வழக்கொழியாதிருந்தது. எனவே ரிக்கற், மார்க்கற், பொக்கற், பற்றரி என்று எழுதினர். மலையாளிகளும் பற்றரிக்கு இரட்டை றகரமே இடுவது இம்முடிபை அரண்செய்கிறது. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்த திருகோணமலையில் தொழிலாளராகவும் எழுதுவினைஞராகவும் கடமை பார்த்தவர்கள் ஆங்கிலத்தை ஏட்டில் மட்டுமன்றிக் காதாலும் கேட்டவர்கள். டொக்ரர் என்னும் ஒரே சொல்லில் முதலெழுத்து டகரமாகவும் இடையெழுத்து வேறாகவும் இருப்பதைக் காண்க: மென்குரலோடு கூடிய ஆங்கில ஒலிக்கு இணையான றகரம் தமிழிற் சொல்முதலில் இல்லாமையால் அது டகரத்திற் புகுந்தது, மற்றது தன் இனத்தைக் கண்டுகொண்டது.

சொல்லின் முதலில் ரகரத்தை எழுதியது எதனால் என்று வினவலாம். ரீ, ரின், ரயர், ரெலிபோன் என்னும் எழுத்துமுறையைக் கண்டு தமிழகத்து வாசகர் நகைப்பதுண்டு. பிளேன்ரீ என்று எழுதியதை எழுத்துப்படியே படித்தால் நகைப்புக்கு இடமுண்டுதான். மரபிலக்கணம் றகரத்தையும் ரகரத்தையும் மொழிமுதலாக்குவதில்லை. எவ்வாறாயினும் ஒன்றை இடவேண்டிய நிலையில், றகரத்தின் கண்ணுக்குத் தெரிந்த உறவாகிய ரகரம் அதன் பதிலாளாக நின்றது. உச்சரிப்பில் அது ஒற்றொலியே. திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரே இதன் மறுதலைச் சான்று: திரு என்பதன் பல்லடித் தகரத்தை ஆங்கிலேயர் தம் பழக்கப்படி மேலே ஏற்றி, உகரத்தையும் விழுங்கி, அடுத்த ரகரத்தோடு பிணைத்து விட்டனர்.

இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியும் இத்துறையில் ஈழத்தைப் புறக்கணிக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றிருந்த விபுலாநந்த அடிகள் சோழமண்டலத் தமிழையும் ஈழமண்டலத் தமிழையும் ஒப்புநோக்கிக் கட்டுரை வரைந்தார். இலண்டனில் பேராசிரியர் பேர்த், ஆடனின் தமிழிலக்கணத்துக்கு 1934இல் உச்சாரணம் பற்றிய அனுபந்தம் எழுதினார். அந்நகரிலேயே கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்ற க. கணபதிப்பிள்ளை பின்னர் யாழ்ப்பாணப் பேச்சின் ஒலியமைப்பை ஆராய்ந்தார். செக்கோசிலோவாக்கிய அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் ஈழத்தமிழின் இயல்புகளைத் தொகுத்தெழுதினார். கருவிகளும் பெருகின: 1870களில் ஓக்லி கோல்ஸ் என்னும் பல் வைத்தியர் மாவும் பசையும் குழைத்து அண்ணத்திற் பூசி, நா தொட்ட இடத்தைக் கண்ணாற் காட்டினார், 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு தமிழின் ஐந்து ரகர லகர இன ஒலிகளையும் அளந்தது.

ஈழத்தமிழ் பழமை முழுவதையும் பேணிற்று என்று பெருமை பாராட்டுவோர் இரண்டை மறக்கின்றனர். ழகரம் யாழ்ப்பாணப் பேச்சில் ளகரத்தோடு கலந்து, மழை மளையாயிற்று. னகரத்தை அடுத்த றகரமும் தன் இடத்தை விட்டு உள்ளே சென்று, ஒன்று ஒண்டு எனவும் மூன்று மூண்டு எனவும் கன்று கண்டு எனவும் திரிந்தன. தமிழகத்தில் அவை ஒண்ணு, மூணு, கண்ணு என்று மூக்கொலியில் அடங்கின. ஆகவே நிலைத்தது றகரம் முழுவதும் அன்று. இரட்டித்த றகரமும், ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் புதிதாக இடம்பெற்ற றகர ஒற்றுமே. தமிழகத்துப் பத்திரிகைகளும் திரைப்படங்களும் பரவியபின் ஈழத்திலும் டீ, டிக்கெட் என்று எழுதுவோர் மிகுந்துள்ளனர். ஆயினும் டகரம் எழுதப்பட்டமை கொண்டு உச்சரிப்பும் மாறிற்று என முடிவுகட்டலாகாது. அம்மாற்றத்தை அளத்தற்குக் கடன்சொற்களை விடக் காற்று, நேற்று என்னும் பழஞ்சொற்களே தக்க உரைகல்லாகும்.