இடம் தேடிய கியர் பாக்ஸ்

1990-களில் அமெரிக்காவில் டீசல் என்ஜினோடு விற்ற டாட்ஜ் ராம் பிக்கப்புகள் பலவற்றில் என்வி4500 என்ற கியர் பாக்ஸ் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1990-ல் கூட்டாகத் தொடங்கிய நியூ வென்ச்சர் கியர் நிறுவனத்தில் பிறந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, ஐந்து கியர், எடை ஏறக்குறைய 88 கிலோ. பிக்கப் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போன பிறகும் இந்தப் பெட்டிக்கு ஆயுள் மிச்சமிருக்கும். அப்படி மிஞ்சியவற்றில் சில, தம்மைவிட முப்பது, நாற்பது வயது மூத்த ராணுவ லாரிக்குள் குடியேறின.

அந்த லாரி டாட்ஜ் எம்37. 1951 முதல் 1968 வரை அமெரிக்கப் படைக்காகச் செய்த முக்கால் டன் வண்டி. 78 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், நான்கு கியர். அந்தப் பழைய பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை, அவசரம்தான் இல்லை. நான்காம் கியரில் என்ஜின் சுற்றும் அதே வேகத்தில்தான் பெட்டியிலிருந்து வெளிவரும் ஷாஃப்டும் சுற்றும். ஆக்சிலில் விகிதம் 5.83. மணிக்கு 88 கி.மீ. ஓட, என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 முறை சுற்ற வேண்டும். பிஸ்டனுக்கு ஒவ்வொரு முறையும் 4⅝ அங்குலப் பயணம். பாவம், அந்தக் கதறலைக் கேட்டவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். என்வி4500-ன் ஐந்தாம் கியரில் விகிதம் 0.73. அதே வேகத்துக்கு 2,200 சுற்று போதும். ஆனால் மேடு வந்தால் பழைய என்ஜின் அந்தக் கியரில் இழுக்காது. அதனால் பலர் நான்கு சிலிண்டர் கம்மின்ஸ் டீசலையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார்கள்.

சிக்கல் நீளத்தில். ஐந்தாம் கியரின் பற்சக்கரங்கள் பெட்டியின் வால் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், எம்37-ல் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. பின்னால் தனியே நிற்கும். இரண்டையும் இணைப்பது, முனைக்கொரு ஜாயிண்ட் வைத்த குட்டி ஷாஃப்ட் ஒன்று. புதிய பெட்டி நீண்ட அளவுக்கு அந்த ஷாஃப்ட் குறுகியாக வேண்டும். வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன். ஷாஃப்ட் நீளமாக இருக்கையில் கண்ணுக்கே தெரியாத உயர வித்தியாசம், அது குட்டையானதும் செங்குத்தான கோணமாகிவிடும். வளைந்து சுற்றும் ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விரைந்து, இரண்டு முறை தயங்கும். அந்தத் தடுமாற்றத்தை அடுத்த ஜாயிண்ட் ஈடுகட்டும்; ஆனால் இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஜாயிண்டைப் பிடிக்கும் கவட்டைகளும் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். இல்லையேல் அதிர்வு ஏறும். பள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்கவும் இடம் வேண்டும்.

ரேடியேட்டர் வழிமறிப்பதால் என்ஜினை முன்னால் தள்ள முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பின்னால் நகர்த்துவதே நல்லது. நகர்த்தினால் முன் ஷாஃப்ட் நீள வேண்டும், பின் ஷாஃப்ட் குறைய வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் முதுகில் இருக்கும் ஹேண்ட் பிரேக்கின் இணைப்பும், லீவர் கம்பிகளும் கூடவே வர வேண்டும். சேசிஸை அறுக்காமல், புது கிராஸ் மெம்பரை போல்ட் போட்டுப் பூட்டுபவர்களை மனமாரப் பாராட்டுவேன். பழைய பெட்டி என்றாவது ஒருநாள் தன் இடத்துக்குத் திரும்ப வழியிருக்கும்.

ஏற்றும் முன்பே என்வி4500-ன் வாலைத் திறந்து பார்ப்பதும் முக்கியம். ராம் வண்டிகளில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட் கழன்றுகொள்வது இந்தப் பெட்டியின் பிறவி நோய். நான்கு சக்கர ஓட்ட வண்டியிலிருந்து வந்த பெட்டியானால், டிரான்ஸ்ஃபர் கேஸோடு நேரே பூட்டும் அதன் பின்முகத்தை மாற்றி, ஷாஃப்ட் மாட்டும் கவட்டை வைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து, குட்டி ஷாஃப்டின் இரண்டு ஜாயிண்டுகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் கோணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மவுண்டுக்கு அடியில் தகடு வைத்து, மறுபடி அளந்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்.