வாக்கை நம்பி எடுத்தவர்கள்

1957-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், ஒரு நாளும் தான் நேரில் பார்த்திராத இளைஞர் ஒருவரை கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்தார். பெயர் சாம் ஜோன்ஸ். வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த கல்லூரியின் ஆட்டக்காரர். ஆவர்பாக்கிடம் முன்பு ஆடிய போன்ஸ் மெக்கின்னி அந்த மாநிலத்தில் பயிற்சியாளராக இருந்தார். அவர் வாக்குதான் ஆதாரம். ஜோன்ஸ் பாஸ்டனோடு 10 முறை சாம்பியன் ஆனார்.

கல்லூரிப் பையன்களைத் தரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதிலேயே என் காலம் போயிற்று. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. யாரைக் கேட்பது என்று தெரிந்திருப்பதே அந்தக் காலத்தில் பாதி வேலை.

முந்தைய ஆண்டும் அதேதான் நடந்தது. பில் ரஸலைப் பற்றி ஆவர்பாக்குக்குச் சொன்னவர், ஆவர்பாக்கின் சொந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் பில் ரைன்ஹார்ட். முதல் தேர்வு கையிலிருந்த ராசெஸ்டர் அணி ரஸலை விட்டுவிட்டு சிஹூகோ கிரீனை எடுத்தது. ரஸலின் தடுப்பாட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1973-74 பருவத்தில்தான் என்.பி.ஏ. லீக் 'பிளாக்'குகளை, அதாவது கூடையை நோக்கிய எறிதலைத் தடுத்ததை, எண்ணவே தொடங்கியது.

உள்ளூர்க் கல்லூரி நட்சத்திரத்தை டிராஃப்டுக்கு முன்பே எடுத்துக்கொள்ள அணிகளுக்கு 1965 வரை உரிமை இருந்தது. டிக்கெட் வசூலுக்காக வைத்த விதி அது. அந்த நிலையில், கறுப்பினக் கல்லூரிகளின் பக்கம் போன ஸ்கௌட்டுகள், அதாவது திறமை தேடுபவர்கள், மிகச் சிலர். கறுப்பினக் கல்லூரியான டென்னசி ஏ அண்ட் ஐ 1957 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறு கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. பட்டம் வென்றது, அதன்பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1964-ல் கிராம்ப்ளிங் கல்லூரியின் வில்லிஸ் ரீடை முதல் சுற்றில் ஒரு அணியும் தொடவில்லை. நியூயார்க்கே அவரை இரண்டாம் சுற்றில்தான் எடுத்தது. 1970-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் அவர்! இதைக் கண் தவறிய பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணைக் கொண்டுபோகவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஏர்ல் மன்ரோ விஷயம். வின்ஸ்டன்-சேலம் கல்லூரியில் பயிற்சியாளர் கிளாரன்ஸ் கெய்ன்ஸ் வளர்த்த பையன். 1966-67-ல் ஆட்டத்துக்குச் சராசரி 41.5 பாயிண்ட். அந்த ஆண்டு, என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் பட்டம் வென்ற முதல் கறுப்பினக் கல்லூரி என்ற பெருமையும் வின்ஸ்டன்-சேலமுக்குக் கிடைத்தது. எதிரே நின்றவை சிறு கல்லூரிகள்தானே என்ற சந்தேகம் எழும், நியாயமான சந்தேகம். அதற்கு விடை ஸ்கோர் தாளில் கிடைக்காது. ஓட்டத்தில் சட்டென நின்று, உடலைச் சுழற்றி, தடுப்பவரைத் தப்பான காலில் நிறுத்திவிடுவார் மன்ரோ. அந்த வித்தை எதிரில் நிற்பவரின் பலவீனத்தை நம்பியிருக்கவில்லை. நேரில் உட்கார்ந்து பார்த்தவருக்கே இது புரியும். பால்டிமோர் அணியின் ஸ்கௌட் ஜெர்ரி கிராஸ் அவருக்காக விடாமல் வாதாடினார். இரண்டாவது தேர்வாக எடுத்தார்கள். சிறந்த புதுமுகம் என்ற விருது மன்ரோவுக்கே கிடைத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே கிராஸ் சிகாகோ புல்ஸின் பொது மேலாளர். லீகின் ஸ்கௌட்டிங் தலைவர் மார்ட்டி பிளேக் அவருக்கு ஒரு பெயர் சொன்னார்: மத்திய அர்கன்சாஸ் கல்லூரியின் ஸ்காட்டி பிப்பன். உதவித்தொகை இல்லாமல், அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்து, அங்கேயே அரை அடி வளர்ந்தவர். 1987-ல் சியாட்டிலோடு பேரம் பேசி கிராஸ் அவரை வாங்கினார்.