வழக்கறிஞரைத் தேடிய குடும்பம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசன், சாதி கடந்து கண்ணகியைக் கடலூரில் பதிவுத் திருமணம் செய்தார். 2003 ஜூலை 8 அன்று புதுக்கூரைப்பேட்டையில் இருவரையும் நஞ்சூட்டிக் கொன்றார்கள். காவல்துறையோ முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. நீதி கேட்க மட்டுமல்ல, பழியைத் துடைக்கவும் அக்குடும்பத்துக்கு வழக்கறிஞர் தேவைப்பட்டார். மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம் துணை நின்றார். வழக்கு சிபிஐ வசம் போனது. 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களில் இருவர் காவல் அதிகாரிகள். முருகேசனின் உறவினர்கள் விடுதலையானார்கள். இதற்கு 18 ஆண்டுகள் ஆயின.

பாதிக்கப்பட்டோர் விரும்பினால், அரசுச் செலவில் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம் என்கிறது வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் விதி 4(5). கேட்டால்தான் கிடைக்கும். சேரிதோறும் இதை நாம் சொல்லியாக வேண்டும்.